பாரதப் போரில் வென்றவர் யார்?

ஸ்ரீ மஹாபாரதம் ஐந்தாம் வேதம் எனப் பெரியோர்களால் போற்றப்படுவது. திருக்கோயில்களிலும் கிராமத்துச் சாவடிகளிலும் பாரதம் வாசித்து முடிக்கும் நாளில் தர்மபுத்திரருக்குப் பட்டாபிஷேகம் நடத்தி, பானகமும் நீர்மோரும் விநியோகித்து, கேட்டோர் அனைவரும் மகிழ்ந்து வீடு திரும்புவது நெடுநாள் வழக்கம். ஆகவே, பாரதப் போரில் வென்றவர் யார் என்று ஒருவர் வினவினால், இதுவும் ஒரு கேள்வியா என்று சிறு பிள்ளையும் நகைக்கும். பாண்டவர் வென்றனர், கௌரவர் தோற்றனர் என்பதே உலகறிந்த விடை.

ஆயினும், ஸ்ரீ வேதவியாஸ பகவான் பட்டாபிஷேகத்தோடு தம் நூலை முடிக்கவில்லை. பட்டாபிஷேகம் 12ஆவது பர்வமாகிய சாந்தி பர்வத்தில் வருகிறது. அதற்குப் பின்னும் 6 பர்வங்கள் உள்ளன. போர் முடிந்த பிறகு சொல்லவேண்டியது அவ்வளவு இருந்தது என்றால், வெற்றி தோல்வி என்னும் வழக்கு அந்தப் போர்க்களத்தில் தீரவில்லை என்பது தெளிவு.

குருக்ஷேத்திரத்தில் நடந்த போர் 18 நாட்களே. ஆனால் அந்தப் பகை 18 நாளில் விளைந்ததன்று. பீமனுக்கு நஞ்சூட்டிய இளமைப் பருவத்தில் தொடங்கி, அரக்கு மாளிகையிலும் சூதாடிய சபையிலும் வளர்ந்து, 13 ஆண்டு வனவாஸத்திலும் அஜ்ஞாதவாஸத்திலும் முதிர்ந்து வெடித்த பகை அது. அது பிரிக்காத குடும்பம் பாரத தேசத்தில் இல்லை எனலாம். பாட்டனார் ஒரு பக்கம், பேரர்கள் மறுபக்கம். ஆசாரியர் ஒரு பக்கம், அன்புச் சீடன் மறுபக்கம். யாதவர்களிலும் ஸாத்யகி பாண்டவர் பக்கம் நின்றான். கிருதவர்மா கௌரவர் பக்கம் நின்றான். பலராமரோ எப்பக்கமும் சேர மனமின்றித் தீர்த்த யாத்திரை சென்றார்.

ஓர் அக்ஷௌஹிணி என்பது 21,870 தேர்களும், 21,870 யானைகளும், 65,610 குதிரைகளும், 1,09,350 காலாட்களும் கொண்ட சேனை. கௌரவர்க்கு 11, பாண்டவர்க்கு 7, ஆக 18 அக்ஷௌஹிணிகள் களத்தில் நின்றன. எல்லாம் முடிந்தபின் பாண்டவர் பக்ஷத்தில் ஐவரும் கண்ணபிரானும் ஸாத்யகியும், கௌரவர் பக்ஷத்தில் அசுவத்தாமன், கிருபர், கிருதவர்மா என்னும் மூவரும் எஞ்சினர் என்று பாரதம் கணக்கிடுகிறது. போர் தொடங்குமுன் பாண்டவரிடம் வந்து சேர்ந்த திருதராஷ்டிரன் மைந்தன் யுயுத்ஸுவும் பிழைத்தான். இத்தனை பெரிய அழிவில் வென்றவர் யார் என்பதைப் பற்றிய பக்ஷங்கள் பல.

பாண்டவரே வென்றனர் என்பது முதற் பக்ஷம். இதை மறுப்பவர் வேறு எவரும் அல்லர், தர்மபுத்திரரே. உறவினர்க்கு நீர்க்கடன் செலுத்தும் வேளையில், கர்ணன் தம் மூத்த தமையன் என்பதைத் தாயின் வாயாலேயே கேட்டறிந்தார் அவர். பின்னர் நாரத முனிவர் நலம் விசாரித்தபோது, பெற்ற வெற்றி தமக்குத் தோல்வியாகவே தோன்றுகிறது என்று முறையிட்டார். அரசைத் துறந்து காட்டுக்குச் செல்லவும் துணிந்தார். தம்பியரும் திரௌபதியும் வியாஸரும் கண்ணபிரானும் பலவாறு தேற்றியே அவரை அரியணையில் அமர்த்த வேண்டியிருந்தது. வென்றவன் தன் வெற்றியை ஏற்க மறுக்கும் விந்தை இது.

துரியோதனனே வென்றான் என்பது இரண்டாம் பக்ஷம். இதைச் சொன்னவன் துரியோதனன்தான். தொடை முறிந்து கிடந்த நிலையில், பீஷ்மரும் துரோணரும் கர்ணனும் நேரிய முறையில் வீழ்த்தப்படவில்லை என்று எடுத்துரைத்தான். தான் வேதம் ஓதியதையும், தானம் அளித்ததையும், பூமியை ஆண்டதையும், க்ஷத்திரியனுக்குரிய மரணத்தை அடைவதையும் சொல்லி, துயரத்தோடு உயிர்வாழப் போகிறவர்கள் பாண்டவர்களே என்றான். அவ்வேளையில் வானத்திலிருந்து மலர்மாரி பெய்தது என்பதையும் வியாஸர் மறைக்கவில்லை. எனினும் அந்த வீரன் இறுதியில் எதைக் கேட்டு மகிழ்ந்தான்? உறங்கிக் கிடந்தவர்களை அசுவத்தாமன் இரவோடிரவாக வெட்டி வீழ்த்திய செய்தியைக் கேட்டு மனம் குளிர்ந்து உயிர் நீத்தான் என்கிறது பாரதம். ஸ்ரீமத் பாகவதமோ அச்செயல் அவனுக்கே பிடிக்கவில்லை என்கிறது. மகிழ்ந்திருந்தால் அது இழிந்த வெற்றி. வருந்தியிருந்தால் அது வெற்றியே அன்று.

தர்மமே வென்றது என்பது மூன்றாம் பக்ஷம். இது பெரியோர் வாக்கு. இதில் ஐயம் இல்லை. ஆனால் அதன் பொருளை ஊன்றி நோக்க வேண்டும். துரோணர் கேட்டபோது தர்மபுத்திரர் பாதி மெய்யை உரக்கவும் மறுபாதியை மெல்லவும் சொன்னார். அதுவரை நிலத்திற்கு நான்கு அங்குலம் மேலே ஓடிய அவருடைய தேர் அக்கணமே மண்ணைத் தொட்டது. தர்மத்தின் பக்கம் நின்றவர்களிடமும் தர்மம் அணு அளவும் சலுகை காட்டவில்லை. ஆகையால், தர்மம் வென்றது என்று சொல்வோர், அது எந்த மனிதரிடத்தில், எந்தச் செயலில் வென்றது என்பதையும் காட்டக் கடமைப்பட்டவர்கள்.

எம்பெருமானே வென்றான் என்று சொல்லலாமெனில், அவனுக்கு வெல்லவேண்டியது ஒன்றுமில்லை. அவன் அந்தப் போரில் பெற்றவை எவை என்பதைத் திவ்யதேசங்களில் கண்ணாரக் காணலாம். திருக்கச்சியில் திருப்பாடகத்துப் பெருமான் பாண்டவ தூதனாக வீற்றிருக்கிறான். ஐந்து கிராமமேனும் தந்து போரைத் தவிர்க்கும்படி கேட்கச் சென்ற கோலம் அது. திருவல்லிக்கேணியில் மூலவர் ஸ்ரீ வேங்கடகிருஷ்ணன், ஆயுதம் ஏந்துவதில்லை என்ற வாக்கிற்கிணங்கச் சக்கரமின்றிச் சங்கோடு நிற்கிறான். உத்ஸவர் ஸ்ரீ பார்த்தஸாரதியின் திருமுகமண்டலத்தில் பீஷ்மருடைய அம்புகள் பட்ட தழும்புகள் இன்றும் ஸேவையாகின்றன. 100 புதல்வரை இழந்த காந்தாரியின் சாபத்தையும் அவன் புன்முறுவலோடு ஏற்றுக்கொண்டான். தூது, தழும்பு, சாபம் இம்மூன்றுமே அவன் தன் பங்காகக் கொண்டவை.

இப்படி ஒவ்வொரு பக்ஷமும் குறையுடையதாயின், ஸித்தாந்தம் யாது? அதைத் திரௌபதியின் சரிதத்தில் காணவேண்டும்.

தமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில், படுகளத்தன்று அவள் விரித்த கூந்தலை முடிப்பதையே வெற்றியின் அடையாளமாக மக்கள் கொண்டாடுகின்றனர். ஆனால் துரியோதனன் வீழ்ந்த அன்றிரவே அவளுடைய ஐந்து புதல்வர்களும் பாசறையில் உறங்கியபடியே மாண்டனர். அவள் பெற்ற வெற்றி ஓர் இரவுகூட நிலைக்கவில்லை. பாரதத்து ஸௌப்திக பர்வத்தின்படி, அவள் அசுவத்தாமனைத் தண்டிக்கவேண்டும் என்று உண்ணா நோன்பிருந்து, அவன் தலையில் இருந்த மணி கொண்டுவரப்பட்ட பின்பே சினம் தணிந்தாள். ஸ்ரீமத் பாகவதம் முதல் ஸ்கந்தம் 7ஆம் அத்தியாயம் அந்தத் தாயின் உள்ளத்தை இன்னும் ஆழ்ந்து காட்டுகிறது.

அர்ஜுனன் அசுவத்தாமனைப் பிடித்து, வேள்விப் பசுவைப்போலக் கயிற்றால் கட்டி, அவள் முன் கொண்டுவந்து நிறுத்தினான். அவன் வெட்கத்தால் தலை குனிந்து நின்றான். அவனைக் கண்ட திரௌபதி வணங்கினாள், அவிழ்த்துவிடும்படி வேண்டினாள். ஆசாரியரின் மகன் என்பது அவள் கூறிய காரணங்களுள் ஒன்று. அதைவிடப் பெரிய காரணம் மற்றொன்று: பிள்ளைகளை இழந்து தான் கண்ணீர் வடிப்பதுபோல, இவனைப் பெற்ற கௌதமியும் வடிக்கலாகாது என்பதே அது. தர்மபுத்திரர் அச்சொல்லைப் போற்றினார். நகுல ஸஹதேவரும் ஸாத்யகியும் அர்ஜுனனும் உடன்பட்டனர். பீமன் மட்டும் கொல்லவே வேண்டும் என்றான். கண்ணபிரான் இருவர் சொல்லையும் காக்கும்படி அருள, அர்ஜுனன் அசுவத்தாமனின் தலைமணியைக் கேசத்தோடு அறுத்து, அவனைப் பாசறையினின்று துரத்தினான்.

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழும். விடுவிக்கப்பட்ட அசுவத்தாமன் திருந்தினானா? இல்லை. பாண்டவ வம்சத்தையே கருவறுக்கும் நோக்கத்தோடு உத்தரையின் கர்ப்பத்தின்மீது பிரம்மாஸ்திரத்தை ஏவினான். ஆகவே திரௌபதியின் கருணை வீணாயிற்று என்று ஒருவர் வாதிடக்கூடும். இதற்கு ஸமாதானம் உண்டு. அசுவத்தாமன் நல்லவனாக வேண்டும் என்னும் நிபந்தனையோடு அவள் அவனை விடவில்லை. குற்றத்திற்குரிய தண்டனை தடுக்கப்படவும் இல்லை. மணியையும் மானத்தையும் அவன் இழந்தான். அவள் நிறுத்தியது ஒன்றே: ஒரு தாயின் அழுகைக்கு மற்றொரு தாயின் அழுகையால் ஈடு செய்யும் கணக்கை. அவள் கடமை அவ்வளவே. கருவைக் காப்பது எம்பெருமான் கடமையாயிற்று, அவன் காத்தருளினான். அப்படிப் பிறந்த பரீக்ஷித்து மஹாராஜன் பொருட்டே ஸ்ரீ சுக பிரம்மம் 7 நாட்கள் பாகவதத்தை உபதேசித்து உலகத்தை உய்வித்தார்.

அந்தக் கணக்கை முடிக்காதவர்களுக்கு நேர்ந்ததும் பாரதத்திலேயே உள்ளது. போர் முடிந்து 15 ஆண்டுகள் வரை, தன் நிழலில் வாழ்ந்த கண்ணற்ற முதியவரின் செவியில் விழும்படி, அவர் புதல்வர்களைக் கொன்ற தன் தோள்களைத் தட்டிப் பெருமை பேசினான் பீமன். அது பொறாத திருதராஷ்டிரர் காந்தாரியோடு வனம் புகுந்தார். அப்போது அவர்களோடு துணையாகச் சென்று பணிவிடை செய்தவள் யார்? வென்றவர்களின் தாயாகிய குந்தி தேவியே. மகனுடைய நாவில் போர் நடந்துகொண்டிருந்தது. தாயின் கைகளில் அது முடிந்துவிட்டது.

இதனினும் கொடியது ஸௌராஷ்டிரத்துப் பிரபாஸ தீர்த்தத்தில் நடந்தது. போர் முடிந்து 36 ஆண்டுகள் ஆயின. அங்கே கூடிய யாதவர்கள் மதுவருந்திய மயக்கத்தில் பழைய போரைப் பற்றி வாதம் செய்யத் தொடங்கினர். உறங்கியவர்களைக் கொன்றவன் என்று கிருதவர்மாவை ஸாத்யகி இகழ்ந்தான். கையிழந்து யோகத்தில் அமர்ந்திருந்த பூரிசிரவஸைக் கொன்றவன் நீயன்றோ என்று கிருதவர்மா திருப்பிக் கேட்டான். இருவர் சொன்னதும் உண்மையே. ஆனால் அந்த உண்மை யாரையும் காக்கவில்லை. ஸாத்யகி வாளை உருவிக் கிருதவர்மாவின் தலையை வெட்டினான். சூழ்ந்தவர்கள் ஸாத்யகியைக் கொன்றனர். யாதவ குலம் தன்னைத்தானே மாய்த்துக்கொண்டது. காந்தாரியின் சாபமும் ரிஷிகளின் சாபமும் பலிப்பதற்கு வாயிலாக அமைந்தது, யார் செய்தது சரி என்னும் பழைய வழக்கு. 18 நாள் போர்க்களத்தில் உயிர் தப்பியவர்கள், அதைப் பற்றிய வாக்குவாதத்தில் மாண்டார்கள்.

இறுதியாக, ஸ்வர்க்காரோஹண பர்வத்தில், மேலுலகம் புகுந்த தர்மபுத்திரர் அங்கே துரியோதனன் ஒளியோடு வீற்றிருக்கக் கண்டு வெகுண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது ஸ்வர்க்கம் என்றும், அங்கே பகைமைக்கு இடமில்லை என்றும் நாரதர் எடுத்துரைத்தார். பின்னர் தேவகங்கையில் நீராடி மானுட உடலை நீத்த போதுதான் அவருடைய வைரமும் துயரமும் நீங்கின. 36 ஆண்டுகள் அரசாண்டும் தர்மபுத்திரரே பெறாத அந்த வெற்றியை, ஐந்து பிள்ளைகளின் உடல்கள் எரியுமுன்பே, மண்ணுலகில் நின்றபடியே திரௌபதி பெற்றுவிட்டாள். தர்மம் வென்ற இடமும் அதுவே.

பாரதப் போர் அன்றோடு முடிந்ததாக எவரும் எண்ணலாகாது. ஒரு காணி நிலத்திற்காக உடன்பிறந்தோர் இருவர் நீதிமன்றம் ஏறி, தீர்ப்பு வந்தபின்னும் ஒருவர் வீட்டு மங்கல காரியத்திற்கு மற்றவர் செல்லாமல் வாழ்நாளைக் கழிப்பதுண்டு. முதல் தீர்த்தம் யாருக்கு, முதல் மாலை யாருக்கு என்று ஊர் இரண்டுபட்டு, எம்பெருமானின் தேர் நிலையிலேயே நின்றுவிட்ட ஊர்களும் உண்டு. வழக்கில் வென்றவர் யார் என்று அங்கே கேட்டால் இரு தரப்பாரும் தத்தம் ஆவணங்களைக் காட்டுவர். அநீதியை எதிர்ப்பது கடமை. உரிமையை முறைப்படி கேட்பதும் குற்றமன்று. கண்ணபிரானே அர்ஜுனனைப் போர் செய்யத் தூண்டினான். ஆனால் வழக்கு முடிந்த பின்னும் நெஞ்சில் அதை நடத்திக்கொண்டிருப்பவர், எப்பக்கம் நின்றவராயினும், தோற்றவரே.

திருவிழாவில் வடம் பிடிக்கும் கைகள் பல ஊராருடையவை, பல குலத்தாருடையவை. தம்முள் பேசாதவர்களின் கைகளும் ஒரே வடத்தில் அடுத்தடுத்து அமைவதுண்டு. எம்பெருமானை ஸேவித்துத் தீர்த்தமும் துளஸியும் பெற்றுச் செல்லும் அன்பர்கள், தம் உள்ளத்தில் கட்டி வைத்திருக்கும் ஓர் அசுவத்தாமனை இத்திருவிழா நாளில் அவிழ்த்துவிட்டு ஊர் திரும்புவார்களாயின், அவர்களே வென்றவர்கள். அதற்கு வேண்டிய மன வலிமையை, தழும்பேறிய திருமுகத்தோடு புன்முறுவல் பூத்து நிற்கும் ஸ்ரீ பார்த்தஸாரதியே அருள வேண்டும்.

ஸ்ரீ பார்த்தஸாரதி திருவடிகளே சரணம்.