காற்றைத் துரத்தும் கண்ணாடி

சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், 2,635 மீட்டர் உயரமுள்ள பரனால் மலையுச்சியில், 8.2 மீட்டர் ஆடி கொண்ட நான்கு தொலைநோக்கிகள் நிற்கின்றன. வறண்ட காற்று, மேகமற்ற இரவுகள். அங்கேயும் விண்மீன் நடுங்கத்தான் செய்கிறது. சூடும் குளிருமான காற்றுத் திட்டுகள் புரள்வதால், நேராக வந்த ஒளியலை கடைசிச் சில கிலோமீட்டரில் நெளிந்துவிடுகிறது.

நெளிவை அளந்து, நேரெதிர் நெளிவை ஒரு பரப்பில் உண்டாக்கினால் அலை மறுபடி தட்டையாகிவிடும் என்று 1953இலேயே ஹோரஸ் பாப்காக் எழுதிவிட்டார். யோசனை சரி. அதைச் செய்துகாட்டும் வேகம்தான் அன்று யாரிடமும் இல்லை.

அளப்பது எப்படி? 40-க்கு 40 என அடுக்கிய குட்டி லென்ஸ்கள், அலையைத் துண்டுபோட்டு ஒவ்வொரு துண்டையும் ஒரு புள்ளியாகக் குவிக்கின்றன. அந்த இடத்தில் அலை சாய்ந்திருந்தால் புள்ளி நடுவிலிருந்து விலகும். விலகலிலிருந்து சாய்வு, சாய்வுகளை இணைத்தால் அலையின் முழு வடிவம். அதைக் கணினி 1,170 கட்டளைகளாக மாற்றுகிறது. கட்டளை போய்ச் சேரும் இடம், யெபுன் என்ற நான்காம் தொலைநோக்கியின் இரண்டாம் ஆடி. 1.1 மீட்டர் அகலம். தடிமன் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்! முதுகில் ஒட்டிய காந்தங்களை மின்சுருள்கள் தொடாமலே இழுத்தும் தள்ளியும், நொடிக்கு ஆயிரம் முறை வரை அதன் வடிவத்தை மாற்றுகின்றன.

அப்படியும் ஆடி பிந்தியே வருகிறது. ஒளியைச் சேர்த்து, படித்து, கணக்கிட்டு, ஆடியை வளைப்பதற்குள் 2 மில்லிநொடி போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று அதற்குள் 4 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். சிறிய தூரம்தானே என்றால், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பார்க்கும்போது சீரான காற்றுத் திட்டு ஒன்றின் அகலமே 10, 15 சென்டிமீட்டர்தான். ஆடி திருத்துவது எப்போதும் கடந்துபோன காற்றை.

இன்னும் வேகமாக அளக்கலாமே? ஒவ்வோர் அளவைக்கும் கிடைக்கும் ஒளி குறைந்து, புள்ளியின் இடமே சந்தேகமாகும். பிரகாசமான விண்மீன் வேண்டும். வேண்டிய திசையிலெல்லாம் அது கிடைக்காது. அதனால்தான் 2016 முதல் யெபுனிலிருந்து நான்கு லேசர்கள் மேலே பாய்கின்றன. 589 நானோமீட்டர் மஞ்சள் ஒளி, 90 கிலோமீட்டர் உயரத்துச் சோடியம் அணுக்களை ஒளிரவைத்துச் செயற்கை விண்மீன்களை உண்டாக்குகிறது.

இதிலும் ஒரு சிக்கல். லேசர் அதே காற்றின் வழியாகவே மேலே போய்க் கீழே வருகிறது. போகும்போது ஒரு பக்கம் விலகினால், வரும்போது அந்த விலகல் பெரும்பாலும் கழிந்துவிடும். எனவே படம் மொத்தமாக எந்தப் பக்கம் ஆடுகிறது என்பதை லேசரால் சொல்ல முடியாது. அதற்கு மட்டும், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை என்று, பக்கத்தில் ஒரு நிஜ விண்மீனைத் தேடிப் பிடிக்கிறார்கள்.