சிலருக்காகப் பாடுபடுதல் வீணோ?

பலருக்குப் பயன்படும் காரியமே நற்காரியம். பத்துப் பேருக்காக ஆண்டுக்கணக்கில் உழைப்பது அறிவீனம் என்று கூறுவோர் நம்மிடையே உளர். கேட்பதற்கு இக்கூற்று நியாயமாகவே தோன்றுகிறது. இஃது எவ்வளவு தூரம் உண்மை என்பதைக் கணினி உலகில் நடைபெறும் ஒரு தொண்டினைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

கணினியின் உள்ளே எல்லாவற்றையும் நடத்தும் ஆதார ஏற்பாட்டிற்கு இயங்குதளம் என்று பெயர். கணினியோடு இணையும் அச்சுப்பொறி முதலிய ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தனிப் பாஷை உண்டு. அப்பாஷையை இயங்குதளத்திற்கு எடுத்துரைக்கும் துபாஷி போன்ற நிரலை டிரைவர் என்பர். துபாஷி இல்லையேல், பழுதற்ற கருவியும் ஊமையாகவே கிடக்கும். கம்பெனிகள் பெரும்பாலும் வாங்குவோர் தொகையைப் பார்த்தே துபாஷியை அமர்த்துகின்றன. லாபம் குன்றினால் அவனை விலக்கி விடுகின்றன. வியாபாரத்தில் அஃது இயல்பே.

லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் வரலாறோ வேறு. 1991-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பின்லாந்தில் ஹெல்சிங்கி சர்வகலாசாலை மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதி வருவதாக அறிவித்தார். அது 386 வகைக் கணினிகளுக்கே உரியது என்றும், தம்மிடம் உள்ளது ஒரே வகை வட்டாதலால் வேறு வகை வட்டுகளை அஃது ஒருபோதும் ஏற்காமற் போகலாம் என்றும் ஒளிக்காமல் எழுதினார். ஆயினும் அதன் மூலநிரலை யாவரும் பார்க்கவும் திருத்தவும் விட்டமையால், வேறு கருவி வைத்திருந்தோர் தத்தமக்கு வேண்டியதைத் தாமே எழுதிச் சேர்க்கலாயினர்.

அவ்வாறு சேர்ந்தவற்றுள் ஒன்றைக் கூறுவோம். பிரிட்டனின் பள்ளிக்கூடங்களில் வழங்கி, வெளியே அதிகம் பரவாத ஏகார்ன் என்னும் கணினிகளில் ஏ.ஆர்.எம். எனப்படும் சில்லு இருந்தது. 1990-களில் அக்கணினிகளுக்கு லினக்ஸைக் கொண்டு சென்றது தொண்டு முயற்சியே. இன்று நம் தொழிலாளத் தோழர்களின் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகள், லினக்ஸின் கருவைக் கொண்டு, பெரும்பாலும் அதே இனத்துச் சில்லுகளில் இயங்குகின்றன.

“பார்த்தீரா, சிறு விதை பெருமரமாயிற்று! ஆகவே சிலருக்கான உழைப்பும் நன்றே” என்று இவ்விடத்தில் முடித்துவிடலாம். ஆனால் அம்முடிவு நமக்குத் திருப்தி அளிக்கவில்லை. பின்னொரு நாள் பலருக்குப் பயன்படும் என்பதற்காகவே சிலருக்கு உழைக்க வேண்டுமாயின், என்றுமே சிலருக்கு மட்டும் பயன்படும் வேலையின் கதி என்ன?

கண் பார்வை இல்லாதவர் கணினியைக் கையாளுவதற்கு இரு வகைக் கருவிகள் உண்டு. ஒன்று, திரையில் உள்ள எழுத்தை வாய்விட்டுப் படிக்கும் பேச்சுக் கருவி. மற்றொன்று, அவ்வெழுத்தைச் சிறு ஊசிகளால் பிரெயில் புள்ளிகளாக உயர்த்திக் காட்டும் பலகை. இவற்றுக்குச் சந்தை சிறிது. 1995-இல் தொடங்கிய பி.ஆர்.எல்.டி.டி.ஒய். என்னும் நிரல் பலவகைப் பிரெயில் பலகைகளை லினக்ஸோடு பேச வைக்கிறது. ஸ்பீக்கப் என்னும் நிரல் பேச்சுக் கருவிகளுக்கு உரியது. அது 2010-இல் லினக்ஸ் கருவின் சோதனைப் பகுதியில் வைக்கப்பட்டது; பத்தாண்டுகள் அங்கேயே காத்திருந்து, 2020-இல்தான் உரிய இடத்தை அடைந்தது. இந்நிரல்களை உருவாக்கியோருள் பார்வையற்றவர்களும் உளர். ஆகவே இதனைத் தருமம் என்று சொல்வதும் பொருந்தாது. தம் வாயிலைத் தாமே திறந்துகொண்டனர் என்பதே சரி.

தோட்டத்துக் கிராணிமாராகிய நமக்கு இவ்விஷயம் எளிதில் விளங்கும். காலைப் பெரட்டில் முந்நூறு பெயர்களைப் பதிகிறோம். ஒரு பெயர் விடுபட்டால் நம் கணக்கில் அது முந்நூற்றில் ஒரு பிழை. அன்றைய கூலியை இழந்தவனுக்கோ மற்ற இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பெயர்களும் சரியாக இருப்பதால் அடுப்பு எரியாது. கணினியின் முன் அமரும் பார்வையற்றவனின் நிலையும் இதுவே.

நிற்க. எதிர்த்தரப்பில் ஒரு நியாயமும் உண்டு. அதனை மறைத்தல் தகாது. சேர்த்த டிரைவர் ஒவ்வொன்றும் ஒரு சுமை. இயங்குதளத்தின் உட்பகுதியை ஒருவர் மாற்றும்போதெல்லாம், அதனைச் சார்ந்த டிரைவர்களையும் திருத்தியாக வேண்டும். எழுதிக் கொடுத்தவர் விலகிப் போனால் அச்சுமை பிறர் தோளில் விழுகிறது. இக்காரணம்பற்றியே, டோர்வால்ட்ஸ் முதன்முதலில் எழுதத் தொடங்கிய அதே 386 சில்லுக்கான ஆதரவு 2012-ஆம் ஆண்டு இறுதியில் நீக்கப்பட்டது. பழைய பாசத்திற்காக அவர் அதனைத் தடுக்கவில்லை. அமிகா, அட்டாரி முதலிய பழைய கணினிகளில் இருந்த மோட்டரோலா 68000 இனமோ லினக்ஸ் கருவில் இன்றும் நிலைத்திருக்கிறது. ஒரு காலத்தில் உலகெங்கும் பரவியிருந்த 386 நீங்கியது; அதனினும் அரிதான இது தங்கியது. பேணுவதற்கு ஆள் இருந்ததே காரணம்.

ஆதலால் நாம் கண்ட முடிவு இதுவாகும். ஒரு தொண்டின் தகுதியைத் தலைகளை எண்ணித் தீர்மானித்தல் கூடாது. தேவை மெய்யானதா என்பதையும், தொடங்கியவர் அதனைத் தொடர்ந்து பேணுவாரா என்பதையுமே கேட்க வேண்டும். சிலருக்காக உழைப்பவரை வீணர் என்று நகைக்கும் உரிமை நமக்கு இல்லை. அவ்வாறே, ஆரவாரமாகத் தொடங்கிவிட்டு அடுத்த ஆண்டே பிறர் தலையில் போட்டுச் செல்லும் உரிமையும் எவருக்கும் இல்லை. இரவில் தம் வேலை முடிந்தபின் அமர்ந்து, முகமறியாத ஒருவரின் பிரெயில் பலகைக்காக நான்கு வரி திருத்தும் தொண்டர்கள் இவ்விரண்டையும் அறிந்தவர்கள்.