ஊரைத் தேர்ந்தெடுக்கிறவர்கள்

என் அக்கா மகன் அட்லாண்டாவில் வேலை பார்க்கிறான். 2022 வசந்தத்தில் அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் நகருக்குக் காரில் போய், ஓர் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் பார்த்துவிட்டு வந்து போனில் சொன்னான்: "மாமா, ஆடுறது நியூஜெர்சி டீமும் மிச்சிகன் டீமும். ஆடுற எடம் பர்மிங்காம். அந்த ரெண்டு ஊர்க்காரனும் வரல, பர்மிங்காம்காரனும் வரல. அம்மாம் பெரிய ஸ்டேடியத்துல நாங்க நாலு பேரு ஒரு வரிசையே புடிச்சு உக்காந்திருந்தோம்."

அவன் சிரித்தான். அந்த ஆண்டு புதிதாகத் தொடங்கிய வசந்தகால லீக் அது. எட்டு டீம்கள், எட்டு இடங்களின் பெயர்கள். ஆனால் லீக் சுற்று ஆட்டங்கள் அத்தனையும் பர்மிங்காமிலேயே. செலவு மிச்சம். டெலிவிஷனில் பார்க்கிறவனுக்கு எந்த மண் என்று தெரியவா போகிறது?

'இதெல்லாம் நமக்கு எதுக்கு தோழர்?' என்று கேட்கலாம். 'ஊர்' என்பது நமக்கு அவ்வளவு சாதாரணச் சொல் அல்ல. சேரியிலிருந்து கிளம்புகிற கிழவி, "ஊருக்குள்ள போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவாள். ஒரே ஊராட்சி, ஒரே தபால் நிலையம். ஆனாலும் அவள் வீடு ஊருக்குள் சேர்த்தி இல்லை. அதனால் எங்கோ பணம் படைத்தவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து 'இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தோம்' என்று அறிவிக்கிறபோது, ஊர் என்று யாரை எண்ணினார்கள் என்று கேட்கிற புத்தி நமக்குத் தானாக வந்துவிடுகிறது.

அமெரிக்காவில் என்.எஃப்.எல். என்ற பெரிய லீக் செப்டம்பரில் தொடங்கி பிப்ரவரியில் முடிகிறது. வசந்தத்தில் மைதானம் காலி, டெலிவிஷனும் காலி. அந்த இடைவெளியில் கடை போடலாம் என்று கணக்குப் போட்டவர் டேவிட் டிக்சன். நியூ ஆர்லியன்ஸ்காரர், கலைப்பொருள் வியாபாரி. 1960களில் தோன்றிய யோசனை 1983இல் 12 டீம்களோடு யு.எஸ்.எஃப்.எல். என்ற பெயரில் களத்துக்கு வந்தது. ஊர் தேர்வுக்கு அளவுகோல்கள் தெளிவானவை: எத்தனை டெலிவிஷன் வீடுகள், பெரிய ஸ்டேடியம் வசந்தத்தில் கிடைக்குமா, பேஸ்பால்காரன் இடைஞ்சல் செய்வானா, பணம் போட ஒரு முதலாளி இருக்கிறானா. பாஸ்டனில் பிறந்த ஒரு டீம் அடுத்த வருடம் நியூ ஆர்லியன்ஸ் போனது, அதற்கடுத்த வருடம் போர்ட்லண்ட் போனது. மூன்று ஆண்டில் மூன்று ஊர். 1985க்குப் பிறகு லீக்கே இல்லை. 1986இல் என்.எஃப்.எல்.மீது போட்ட வழக்கில் ஜெயித்தார்கள். ஜூரி கொடுத்த நஷ்டஈடு ஒரு டாலர். சட்டப்படி மும்மடங்காக்கி மூன்று டாலர்.

இந்த வசந்தகாலக்காரர்கள் திரும்பத் திரும்பத் தேடி வருகிற ஊர் பர்மிங்காம். 1983, 2001, 2019, 2022, பிறகு 2024 என்று லீக்கின் பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது, இந்த ஊர் மட்டும் பட்டியலில் இருக்கிறது. என்.எஃப்.எல். அங்கே ஒரு டீம் வைத்ததே இல்லை. கல்லூரி ஆட்டத்துக்கோ ஊரே பைத்தியம். லீஜன் ஃபீல்டு என்ற பழைய பெரிய ஸ்டேடியம் வேறு இருக்கிறது, 1927இல் திறந்தது.

அந்த லீஜன் ஃபீல்டு நிற்கிற இடத்தைப் பார்க்க வேண்டும். அருகில் சென்டர் தெரு. அந்தத் தெருதான் கோடு: மேற்கே வெள்ளையர், கிழக்கே கறுப்பர் என்று நகராட்சிச் சட்டமே வகுத்திருந்தது. கோட்டைத் தாண்டி வீடு வாங்கிய கறுப்பர் வீடுகளில் வெடி வைத்தார்கள். எத்தனை வெடி என்றால் அந்த மேட்டுக்கு 'டைனமைட் ஹில்' என்றே பெயர் வந்துவிட்டது. வழக்கறிஞர் ஆர்தர் ஷோர்ஸ் வீட்டில் 1963இல் மட்டும் இரண்டு முறை. பிறகு கோடு அழிந்தது, எப்படி? வெள்ளையர்கள் ரெட் மவுண்டனுக்கு அப்பால் புதிய புறநகர்கள் அமைத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்டேடியம் சேரியில் தங்கியது. பார்வையாளர்கள் மலைக்கு அப்பாலிருந்து கார்களில் வந்து, கத்திவிட்டு, திரும்பினார்கள்.

இன்னொரு விஷயம். விளையாட்டையே சட்டம் போட்டுத் தடுத்த நகரம் அது. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து சீட்டு, தாயக்கட்டை, பேஸ்பால், ஃபுட்பால் எதுவும் ஆடக்கூடாது என்று 1951ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் ஒரு பிரிவு. 1954 ஜனவரியில் நகர ஆணையர்கள் அதைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஜூனில் வாக்கெடுப்பு நடத்தி மக்கள் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆமாம், 'மக்கள்'. பூங்காக்களைக் கறுப்பருக்கும் திறக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னபோது, 1962 தொடக்கத்தில் 67 பூங்காக்களையும் இழுத்து மூடினார்கள். தன் பிள்ளைக்கு ஊஞ்சல் இல்லாமல் போனாலும் சரி, உன் பிள்ளை ஆடிவிடக் கூடாது. இந்த மனசு நமக்குப் புதிதா? 1998இல் கண்டதேவியில் தேர்வடம் பிடிக்க எங்களுக்கும் உரிமை உண்டு என்று கேட்டதற்குப் பிறகு எத்தனை வருடம் அந்தத் தேர் ஓடாமலே நின்றது!

1963 ஏப்ரலில் இந்தப் பர்மிங்காம் சிறையில் உட்கார்ந்துதான் மார்ட்டின் லூதர் கிங் அந்தக் கடிதத்தை எழுதினார். நான்கு வருடம் முன்பு, 1959இல், திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளித் தலைமையாசிரியர் நம் பிள்ளைகளுக்கு அவரை 'அமெரிக்காவின் தீண்டப்படாதவர்' என்று அறிமுகப்படுத்தினார். முதலில் சுருக்கென்று தைத்தது, பிறகு யோசித்துப் பார்த்து ஆமாம் என்று ஒப்புக்கொண்டேன் என்று அவரே 1965இல் சொன்னார்.

சரி, கேள்விக்கு வருகிறேன். இப்படிப்பட்ட ஊருக்கு ஒரு லீக் போகலாமா? 'பாவப்பட்ட ஊரைத் தள்ளி வை' என்பது ஒரு பதில். அதற்கு முன்னுதாரணம் உண்டு, அதுவும் டிக்சன் சம்பந்தப்பட்டதே. 1965 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸில் ஒரு நட்சத்திர ஆட்டம் ஏற்பாடானது. எங்கள் நகரத்துக்கும் ஒரு டீம் கொடுக்கலாம் என்று காட்டுவதற்காக டிக்சன் முன்னின்று செய்தது. ஆட வந்த கறுப்பு வீரர்களை டாக்சிக்காரன் ஏற்றவில்லை, கேளிக்கை விடுதியில் வாசலோடு நிறுத்தினார்கள். 21 கறுப்பு வீரர்கள் கூடிப் பேசி, ஆட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டம் ஹூஸ்டனுக்கு மாறியது.

எனக்கு இது மிகப் பெரிய சம்பவம். ஊரைத் தேர்ந்தெடுக்கிற மேசையில் அவர்களுக்கு நாற்காலி கிடையாது. மேசைமீது வைத்த சரக்கு அவர்கள். சரக்கு எழுந்து நின்று 'இந்த ஊர் வேண்டாம்' என்றது.

பிற்பாடு முதலாளிகளும் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டார்கள். கிங் பிறந்தநாளை விடுமுறையாக்க மாட்டோம் என்று 1990இல் அரிசோனா வாக்களித்தபோது, 1993 சூப்பர் பௌலை அங்கிருந்து கலிஃபோர்னியாவுக்கு மாற்றியது என்.எஃப்.எல். 1992இல் அரிசோனா மறுபடி வாக்களித்து விடுமுறையை ஏற்றது. நல்லதுதான். ஆனால் மனம் மாறியா, வருமானம் போனதாலா என்று கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

இதே கணக்கைப் பர்மிங்காமுக்குப் போட முடியுமா? அங்கேதான் சிக்கல். 1979இலேயே ரிச்சர்ட் ஆரிங்டன் என்ற கறுப்பர் மேயராகிவிட்டார். இன்று நகர எல்லைக்குள் பெரும்பான்மை கறுப்பர்கள். வெடி வைத்தவனின் பேரன் மலைக்கு அப்பால் வேறு நகராட்சியில் இருக்கிறான். இப்போது பர்மிங்காமைத் தண்டித்தால் அடி யார்மேல் விழும்? நகரத்தின் பெயரில் பாவம் ஒட்டிக்கிடக்கிறது, பாவம் செய்தவன் பெயரை விட்டுவிட்டுப் போய்விட்டான். 'ஊர்' என்று மொத்தமாகப் பேசுவதில் இருக்கிற மோசடி இதுதான்.

அப்போ போகலாமா? போகலாம் என்கிறவர்களும் அதே மோசடியைத்தான் செய்கிறார்கள். 1970 செப்டம்பரில் லீஜன் ஃபீல்டில் கறுப்பு வீரர் சாம் கன்னிங்ஹாம் ஆடிய கலிஃபோர்னியா டீம், வெள்ளையர் மட்டுமே ஆடிய அலபாமா டீமை 42–21 என்று துவைத்ததாம், அன்றோடு அலபாமா திருந்திவிட்டதாம். வில்பர் ஜாக்சன் என்ற கறுப்பு மாணவர் அதற்கு முன்பே அலபாமா டீமுக்குச் சேர்க்கப்பட்டு, முதலாண்டு என்பதால் ஆடாமல் இருந்தார் என்பதை இந்தக் கதை விழுங்கிவிடும். 1963இல் தண்ணீர்ப் பீரங்கிக்கு முன்னால் நின்ற பள்ளிப் பிள்ளைகளையும், தேவாலயத்தில் குண்டுக்கு இரையான நான்கு சிறுமிகளையும் ஓரத்தில் தள்ளிவிட்டு, ஓர் ஆட்டத்துக்கு விடுதலைப் பட்டம் கட்டுகிறார்கள். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினால் நிறவெறி ஒழியுமா? நம் பையன் கபடியில் கப்பு வாங்கி வந்தால் டீக்கடையில் தனி டம்ளர் போய்விட்டதா?

என் சந்தேகம் வேறு. ஊர் தேர்ந்தெடுக்கப்படுகிறதா, அல்லது ஊர் தன்னை விற்கிறதா? பெண் பார்க்கிற சடங்குதான் இது. மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், மைதானத்தைப் பார்க்கிறார்கள், உதட்டைப் பிதுக்குகிறார்கள். 2018இல் பர்மிங்காம் நகர மன்றம் புதிய ஸ்டேடியம் முதலான கட்டுமானத்துக்கு ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் வீதம் 30 ஆண்டுகள் தருவதாக முடிவெடுத்தது. முடிவெடுத்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்களே, அதனால் எனக்கு எட்ட நின்று ஏசவும் வாய் வரவில்லை; வேலை வரும் என்று நம்பித்தான் செய்திருப்பார்கள். ஸ்டேடியம் 2021இல் திறந்தது. வரதட்சணை 30 வருடத்துக்கு. மாப்பிள்ளைகளோ? 2001 லீக் ஒரு பருவம். 2019 லீக் அந்த ஒரு பருவத்தைக்கூட முடிக்கவில்லை, பத்து வாரத்தில் எட்டாவது வாரத்தோடு கடையைக் கட்டியது. 2024இல் தொடங்கிய யு.எஃப்.எல். 2025 அக்டோபரில் மெம்ஃபிஸ், மிச்சிகன், சான் ஆண்டோனியோ மூன்றையும் கழற்றிவிட்டுப் புதிதாக மூன்று ஊர்களைப் பிடித்துக்கொண்டது. பர்மிங்காம் அந்தச் சுற்றில் தப்பியது.

டெலிவிஷன் வீடுகளை எண்ணுகிறவர்கள் ஸ்டேடியத்தின் மதிலை ஒட்டி இருக்கிற வீடுகளையும் எண்ணட்டும். லீக் ஓடிப்போனால் அந்தத் தெருவில் என்ன மிஞ்சும் என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அந்தத் தெருக்காரர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். 21 பேர் ஒரு நகரத்தை மறுக்க முடிந்தது என்றால் ஒரு தெருவால் ஒரு லீக்கை மறுக்க முடியாதா? நடைமுறைக்கு ஆகாது என்பார்கள். தேர்வடம் கேட்டபோதும் அதைத்தான் சொன்னார்கள்.

அக்கா மகனிடம் கடைசியாக ஒன்று கேட்டேன்: "காரை எங்கடா நிறுத்துன?" அவன் போனது லீஜன் ஃபீல்டுக்கு. பக்கத்துத் தெருவில் ஆட்ட நாட்களில் வீட்டு முற்றத்தைக் காசுக்கு விடுவார்களாம். ஒரு வயதான கறுப்பு அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், பத்து டாலர் வாங்கினார். இன்னிக்கு யார் யாருக்கும்மா ஆட்டம் என்று இவன் கேட்டிருக்கிறான். அவருக்குத் தெரியவில்லை. காரை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி விடச் சொன்னாராம், பின்னால் வருகிற வண்டிகளுக்கு இடம் வேண்டுமென்று. ஆட்டம் முடிந்து இவர்கள் திரும்பி வந்தபோதும் அந்த முற்றத்தில் அந்த ஒரு கார்தான் நின்றது.