பழைய இயந்திரமும் உண்மையும்

துருப்பிடித்த பழைய இயந்திரம் ஒன்று உங்கள் கைக்கு வந்தால் என்ன செய்வீர்கள்? தேய்ந்த பாகங்களை எறிந்துவிட்டுப் புதியன பூட்டி ஓட்டிப் பார்க்கவே மனம் அவாவும். அது நேர்மையா?

ஸ்டீபன்சனின் 'றொக்கெற்' நீராவி இயந்திரம் 1829இல் செய்யப்பட்டது. ஓடும்போது வண்டி ஆடியதால், சாய்வாக இருந்த அதன் உருளைகளைப் பின்னர் தாழ்த்திப் பூட்டினார்கள். 1862இல் நூதனசாலைக்கு வந்த அந்த இயந்திரத்தில் உருளைகள் இன்றும் தாழ்ந்தபடியே இருக்கின்றன. அவற்றை ஆதி நிலைக்கு உயர்த்தியிருந்தால், ஆட்டத்தைக் கண்டு திருத்தியவர்களின் அறிவல்லவா அழிந்திருக்கும்! ஓட்டிக் காட்டுவதற்கென 1979இல் வேறொரு பிரதியைச் செய்தார்கள்.

ஓடாத இயந்திரம் வெறும் இரும்பு என்பாரும் உளர், அதிலும் நியாயமுண்டு. பூட்டத்தான் வேண்டுமெனில், புதிய பாகத்தில் ஆண்டைப் பொறித்துவிடுங்கள். கழற்றிய பழையதை எண்ணெய் பூசிப் பக்கத்திலேயே வையுங்கள்.