விழுந்தது விழுந்ததுதான்

மேடிசனில் படித்த காலத்தில் வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் ஐந்து பேர் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவோம். 1974இல் வெளியான அந்த விளையாட்டை உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும். அது வெளிவந்த லேக் ஜெனிவா என்ற சின்ன ஊரும் அதே விஸ்கான்சின் மாநிலத்தில்தான் இருக்கிறது. ஆனால் நான் சொல்ல வந்தது அந்த வரலாறு இல்லை. அங்கே ஒரு ராத்திரி நான் சொன்ன ஒரு ‘வேண்டாம்’ பற்றி.

ஆடிப் பழகாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் இறங்குகிறோம். பாத்திரத்துக்கு ஆறு திறன்கள்: வலிமை, சுறுசுறுப்பு, தாங்குதிறன், அறிவு, விவேகம், வசீகரம். நான்கு பகடைகளை உருட்டி, குறைந்ததை விட்டுவிட்டு மீதி மூன்றையும் கூட்டினால் ஒரு எண். இப்படி ஆறு தடவை. சராசரியாக 12க்குச் சற்று மேல் வரும். 18 விழ 1296இல் 21 வாய்ப்புதான்.

எனக்கு 18 விழுந்தது. பின்னாடியே ஒரு 16. பக்கத்தில் இருந்த நண்பனுக்கு ஆறில் உச்சமே 13. ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் எங்களைப் பார்த்து, “இவன் மறுபடி உருட்டட்டுமா?”ன்னு கேட்டார். மற்ற இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் “விழுந்தது விழுந்ததுதான், அப்புறம் பகடை எதுக்கு?” என்றேன். நண்பன் சிரித்துக்கொண்டே சரின்னுட்டான்.

நாங்கள் இருவருமே வாள்வீரர்கள். 18க்குக் கிடைக்கும் கூடுதல் 4, 13க்குக் கிடைப்பது 1. ஓர் எதிரியை வெட்ட இருபது பக்கப் பகடையில் எனக்கு 9 போதும் என்றால் அவனுக்கு 12 வேண்டும். நூற்றுக்கு 60, நூற்றுக்கு 45. கேட்க அற்பமாக இருக்கிறது. மூன்று மாதம், வாராவாரம் நாலு மணி நேரம் ஆடிப் பாருங்கள். நான் பாய்ந்தால் வேலை முடிந்தது; அவன் பாய்ந்தால் பாதி நேரம் காற்றைத்தான் வெட்டினான். கொஞ்ச நாளில் கதவைத் திறக்கும் முன் எல்லாரும் என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள், அவனும்தான். எனக்கு நல்லா ஆட வருதுன்னு நானே நம்பிவிட்டேன். குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அவன் வரவில்லை. லேப் வேலை என்றான். பிறகு வரவே இல்லை. நம்புவது வசதியாக இருந்ததால் நம்பினேன்.

இத்தனை வருஷம் கழித்தும் என்னை உறுத்துவது ஒன்றுதான். அவன் மறுபடி உருட்டியிருந்தால் என் 18 குறைந்திருக்காது. நாங்கள் எதிரிகளும் இல்லை. அவன் பலசாலியானால் எனக்குத்தான் லாபம். பிறகு எதைக் காப்பாற்ற வேண்டாம் என்றேன்? அவனுடைய 13ஐ ‘சும்மா விழுந்தது’ என்று மாற்ற ஒப்புக்கொண்டால் என்னுடைய 18ம் சும்மா விழுந்ததாகிவிடும். அது அரை மணி நேரத்துக்குள் என் சொத்தாக மாறியிருந்தது.

ஜான் ரால்ஸ் 1971இல் எழுதிய நீதி பற்றிய புத்தகத்தில், பிறவித் திறமையும் ஒரு குலுக்கல்தான், அதில் விழுந்ததற்கு யாரும் தகுதி கொண்டாட முடியாது என்று வாதிடுகிறார். படித்து பென்சிலால் கோடெல்லாம் போட்டவன் நான். தமிழில் தாயம் என்ற சொல்லுக்குப் பகடையில் விழுவதும் பொருள், பரம்பரைச் சொத்தில் வரும் பங்கும் பொருள். ரால்ஸுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

சரி, பகடையே வேண்டாம் என்றால்? அதற்கும் வழி இருக்கிறது, பாயிண்ட் பை. எல்லாருக்கும் 27 புள்ளி; 8க்கும் 15க்கும் இடையில் திறன்களை வாங்கிக்கொள்ளலாம். நியாயமானதுதான், நானே பல ஆட்டங்களில் இதைத்தான் வைத்தேன். ஆனால் அதில் ஒரு நெருடல். வசீகரத்தில் 8 வைத்தவன் சந்தையில் பேரம் பேசத் தடுமாறினால் மேசையில் உடனே ஒரு குரல் வரும்: “நீதானே எடுத்த?” பகடையில் தோற்றவனிடம் யாரும் அப்படிக் கேட்க முடியாது. சமமாகத் தொடங்கிவிட்டோம் என்ற நிம்மதியில் அடுத்தவனுடைய ஒவ்வொரு குறையையும் அவன் தேர்வாகவே பார்க்கப் பழகிவிடுகிறோம்.

எனக்கு வேறொன்று முக்கியமாகப் படுகிறது. 1974 விதிகளில் மூன்று பகடைதான், அப்படியே கூட்ட வேண்டியதுதான். கேட்கவே கொடுமை. ஆனால் அன்று வீரனுக்கு 18 வலிமை இருந்தாலும் வெட்டு கூடுதலாக விழாது. அனுபவப் புள்ளியில் பத்து சதவீதம் அதிகம் கிடைக்கும், அவ்வளவுதான். 1975இல் கிரேஹாக் என்ற இணைப்பு நூல் வந்த பிறகுதான் வலிமை வெட்டிலும் சேதத்திலும் ஏறியது. எண் பெரிதாக இருந்ததில் அவ்வளவு பிரச்சினை இல்லை, அந்த எண்ணால் எத்தனை கதவு திறக்கும் என்பதில்தான் எல்லாம். தாயக்கட்டம் ஆடும்போது பாட்டிக்குத் தாயம் விழாமல் காய் இறங்காது, புலம்புவாள். ஒரு மணி நேரத்தில் ஆட்டம் முடிந்து எல்லாரும் மறுபடி வெறுங்கையோடு தொடங்குவோம். அந்தப் புலம்பலில் கசப்பு இருந்ததில்லை.

இப்போது நான் ஆட்டம் நடத்தினால் ஆறு எண்களை ஒருவர் உருட்டுவார். அதே ஆறுதான் எல்லாருக்கும், எந்தத் திறனுக்கு எது என்பது அவரவர் இஷ்டம். போன தடவை உச்சம் 14. எல்லாரும் சேர்ந்து பகடையைத் திட்டினோம். இரண்டாம் வாரமே நாலு குட்டிப் பூதங்கள் எங்களை ஊரைவிட்டுத் துரத்தின.

அன்றைக்கு ராத்திரி நண்பனுக்கு “டேய், மறுபடி உருட்டுடா”ன்னு டைப் பண்ணினேன். ஏழு வருஷம் கழித்துத் திடீரென்று இப்படி வந்தால் அவனுக்கு என்ன புரியும் என்று தோன்றியது. அழித்துவிட்டேன்.