விடாத கேள்வி

போடிநாயக்கனூரைச் சுற்றிய ஊர்களிலும் சரி, ஏலமலைச் சரிவின் அடிவாரத்தில் இருக்கும் சிலமலையிலும் சரி, எல்லைச்சாமி என்பவர் வித்தை காட்டுபவர் அல்லர். வாங்கிய கடனை இல்லையென்று சாதிப்பவனையும், வரப்பை நகர்த்தி உழுதவனையும் சாமி முன்னால் வந்து சத்தியம் பண்ணச் சொல்லும் வழக்கம் தென்மாவட்டங்களில் பழையது. எல்லைச்சாமியான கருப்பு அங்கே சாட்சி. சாட்சிக்கு அற்புதம் எதற்கு? ஒரு தொலைக்காட்சித் தொடர்வரிசையின் உயர்வையும் தேய்வையும் இந்த இடத்திலிருந்துதான் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். இந்திரா சௌந்தர்ராஜனின் கதைகளைக் கொண்டு கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்த ‘மர்மதேசம்’ 1990-களின் நடுவில் தொடங்கியது. ‘ரகசியம்’, ‘விடாது கருப்பு’, ‘சொர்ண ரேகை’, ‘இயந்திரப் பறவை’, ‘எதுவும் நடக்கும்’ என்று அடுத்தடுத்து வந்தது. முழுமையான அறிவியல் புனைவு என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் நவபாஷாணத்தையும் சித்த மருத்துவத்தையும் மனநோயையும் கடவுளோடு ஒரே பலகையில் உட்காரவைத்துப் பேசிய தமிழ்த் தொடர் அதைப் போல இன்னொன்று இல்லை.

நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’ எழுப்பிய கேள்வி எளிமையானது: தப்புச் செய்தவர்களைத் தண்டிப்பது சாமியா, மனிதனா? ஆளுமை பிளவுபட்ட ஒரு மனிதனின் செயல் என்று கடைசியில் விடை வந்தது. அந்த விடை கருப்பைக் கோயிலை விட்டு விரட்டவில்லை. யார் செய்தது என்பது ஒரு கேள்வி, யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது வேறு கேள்வி. மனநல மருத்துவம் முதல் கேள்வியைத் தீர்த்துவைத்தாலும் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கும். காரணம் தெரிந்துவிட்டால் கடவுள் கரைந்துவிடுவார் என்று அஞ்சுகிறவர், கடவுளை நம் அறியாமையின் மிச்சத்தில் குடிவைத்திருக்கிறார். அது ஆண்டுதோறும் சுருங்கும் வீடு. சாட்சியாக நிற்கும் சாமிக்கு அந்த ஆபத்தில்லை.

பிறகு வந்த பாம்புத் தொடர்களும் அம்மன் தொடர்களும் இந்த வேறுபாட்டைத் தொலைத்தன. ‘நாகினி’ மாதிரியான தொடர்களில் தெய்வசக்தி முதல் காட்சியிலேயே கணினி வரைகலையாக வந்து நிற்கிறது. ஐயப்பட இடமே இல்லை. ஐயத்துக்கு இடமில்லாத போது நம்புவதற்கும் வேலை இல்லை, கண்ணால் கண்டதை யாரும் நம்பிக்கை என்று சொல்வதில்லை. இத்தொடர்களின் வரவு பக்தி பெருகியதன் அடையாளம் என்கிறார்கள். பக்தி மெலிந்ததன் அடையாளம் என்றே எனக்குத் தோன்றுகிறது. இது வெறும் வியாபாரக் கணக்கு, 1999-இல் ‘சித்தி’ வந்த பின் அன்றாடத் தொடர்கள் மாலை நேரத்தைப் பிடித்துக்கொண்டன, தத்துவம் தேட வேண்டாம் என்று ஒருவர் மறுக்கலாம். கணக்கு உண்மைதான். ஆனால் ‘மர்மதேசம்’ போன்ற வாராந்தரத் தொடர் பார்ப்பவருக்கு ஏழு நாள் கொடுத்தது. சாமியா மனிதனா என்ற வழக்கு அந்த ஏழு நாளும் டீக்கடையிலும் திண்ணையிலும் நடக்க முடிந்தது. முடிச்சை நாளைக்கே இன்னொரு முடிச்சால் மூடும் தொடரில் அந்த இடைவெளி கிடையாது. வியாபாரம் பறித்ததும் அந்த யோசிக்கும் நேரத்தைத்தான். இதைவிடக் கனமான மறுப்பு பகுத்தறிவாளருடையது: வாரக்கணக்கில் அச்சத்தை ஊட்டிவிட்டுக் கடைசியில் மட்டும் காரணம் சொன்னால், மனதில் தங்குவது அச்சம்தானே? இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கருப்பு வரும் குதிரைக் குளம்பொலியை நினைவில் வைத்திருப்பவர்களில் பலர் மருத்துவ விளக்கத்தை மறந்திருக்கக்கூடும். ஆனாலும் விளக்கம் சொல்லக் கடமைப்பட்ட கதையும், அந்தக் கடமையே இல்லாத கதையும் ஒன்றாகிவிடாது.

இழப்பு திரையோடு நிற்கவில்லை. இதே போடி மேற்கு மலைகளில், பொட்டிப்புரம் அருகே அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்த் திட்டம். 50,000 டன் இரும்பாலான உணர்கருவியை மலைக்குள் வைப்பதாக இருந்தது. அண்டவெளியிலிருந்து வரும் மற்றக் கதிர்களைப் பாறை பெருமளவு தடுத்துவிடும், எதிலும் எளிதில் அகப்படாத நியூட்ரினோ என்ற துகள் ஊடுருவி வரும். ஒவ்வொரு நொடியும் நம் உடலைக் கோடானுகோடி நியூட்ரினோக்கள் கடந்து போகின்றன, பெரும்பாலும் எதையும் தொடாமல், எந்தத் தடமும் வைக்காமல். தண்ணீர் என்னாகும், ஆடுமாடு எங்கே மேயும், வெடிவைத்தால் மலை தாங்குமா என்று ஊர் கேட்டது. அவை நியாயமான கேள்விகள். 2022-இல் தமிழக அரசு திட்டம் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அந்த முடிவோடு எனக்கு இங்கே வழக்கில்லை. அத்தனை ஆண்டுகளில் ஒரு பக்கம் அச்சமும் மறுபக்கம் உறுதிமொழியுமாகப் பேச்சு போனதுதான் உறுத்துகிறது. கண்ணுக்குத் தெரியாமல் மலையை ஊடுருவி வரும் ஒரு துகள், தலைமுறை தலைமுறையாக அந்த மலைக்குப் பெயராக நிற்கும் ஒரு சாமி: ‘மர்மதேசம்’ தழைத்திருந்தால் அதன் ஆறாவது கதை இதுவாக இருந்திருக்கும். இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் மதுரையில் காலமானார். அந்தக் கதையை இன்னும் யாரும் எழுதவில்லை.