தடுமாறியவர் எழுதிய புத்தகம்

பனிமய மாதா திருவிழாக் கொடியேற்றம் ஜூலை 26. அதற்கு முன்பிருந்தே நோட்டீஸ் வேலையால் தூத்துக்குடி டிடிபி கடைகளில் நிற்க இடம் இருக்காது. அந்த நெருக்கடியில் வேலை பழக வரும் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "அண்ணாச்சி, பேஜ்மேக்கர் படிக்க எந்தப் புக்கு வாங்கட்டும்?"

கடையில் கிடைக்கும் புத்தகங்களில் முக்கால்வாசி ஒரே அச்சு. ஃபைல் மெனுவில் தொடங்கி ஹெல்ப் மெனுவில் முடியும். 1985இல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்ட பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர், 1994இல் அடோபி கைக்குப் போய், 7ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. இன்டிசைன் வந்ததும் அந்த மெனுக்களும் இடம் மாறின. பொத்தான் இருக்கும் இடத்தைச் சொல்கிற புத்தகத்துக்கு ஆயுள் அவ்வளவுதான். அது போகட்டும்.

பழைய தமிழ் எழுத்துருவில் ஒடுக்கமான பத்தி ஒன்றை அடித்துப் பாருங்கள். வரிக் கடைசியில் சொல்லை வெட்டிக் கோடு போடும் ஹைஃபனேஷனை அணைக்க மறந்தால், வரிக் கடைசியில் கொம்பு தனியாக நிற்கும். அதற்குரிய எழுத்து அடுத்த வரிக்குப் போய்விடும். நடுவில் ஒரு கோடு வேறு. அந்த எழுத்துருவில் கொம்புக்கும் ஒரு தனி ஆங்கிலக் குறிதான். அதனால் மென்பொருள் 'கோயில்' என்ற சொல்லை ஏதோ ஆங்கிலச் சொல் என்று நினைத்து வெட்டுகிறது. ஆங்கிலத்தில் எழுதிய கையேட்டில் இதற்குப் பதில் தேடினால் கிடைக்காது. எழுதியவருக்கு இந்தத் தொல்லை வந்ததே இல்லையே!

தானே தொல்லைப்பட்டு எழுதியவரும் உண்டு. தூத்துக்குடி இருக்கும் இதே முத்துக்குளித்துறைக்கு வந்து தமிழ் படித்தவர் அன்றிக்கே அடிகளார். போர்ச்சுக்கீசியர். அவருக்குத் தமிழ் சொல்லித்தர அவர் மொழியில் புத்தகம் ஏது? படிக்கப் படிக்கத் தாமே ஓர் இலக்கணம் எழுதினார். அதைப் புரிந்துகொள்ள லத்தீன் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர்கள் ஜோவாவோ தெ பாரோஸ் எழுதிய போர்ச்சுக்கீசிய இலக்கணத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். வாசகர் எங்கே முட்டிக்கொள்வார் என்பது அவருக்குத் தெரியும். அவரே முட்டிக்கொண்ட இடம் அது. 1578இல் கொல்லத்தில் அச்சான அவருடைய 'தம்பிரான் வணக்கம்' நூலின் கடைசிப் பக்கத்தில், முந்தின ஆண்டு கோவாவில் வார்த்த எழுத்தும் கொல்லத்தில் புதிதாக வார்த்த எழுத்தும் சேர்ந்தே இருக்கின்றன. முதல் முயற்சியை ஒளித்துவைக்கவில்லை.

கரை கண்டவர் எழுதினால்தான் நல்ல புத்தகம் என்று நாம் நம்புகிறோம். எனக்கு அந்த நம்பிக்கை குறைந்துவிட்டது. கைவந்த வேலையில் எது கஷ்டமாக இருந்தது என்பது கைக்கு மறந்துபோகும். தடுமாறிய நினைவு ஆறாதவர்தான் அடுத்தவர் விழும் இடத்தில் விளக்குப் பிடிப்பார். அந்த விளக்கு எரிகிறதா என்று பார்க்க, வாங்குபவரும் ஒருமுறை விழுந்திருக்க வேண்டும். அதனால் முதல் நாளே புத்தகக் கடைக்கு ஓடுவது வீண். ஒரு நோட்டீஸாவது முழுசாக அடித்து, எங்காவது சிக்கி, அந்தச் சிக்கலோடு போக வேண்டும். அட்டையையும் விலையையும் விட்டுவிட்டு, பொருளடைவில் அந்தச் சிக்கலைத் தேட வேண்டும். மாதிரிப் பக்கங்கள் தமிழில் இருக்கின்றனவா, வாட்ஸ்அப்பில் வந்த யூனிகோடு செய்தியை ஒட்டினால் கட்டம் கட்டமாக வருவதைச் சரிசெய்ய வழி சொல்லியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இல்லையென்றால் பணத்தைப் பத்திரப்படுத்திக்கொண்டு திரும்பிவிடலாம். கடையில் மூத்த ஆபரேட்டர் மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவைத்திருக்கும், விசைப்பலகையில் இல்லாத எழுத்துகளுக்கான ஆல்ட் எண் பட்டியலையும், அவர் நோட்டில் கிறுக்கியிருப்பதையும் ஜெராக்ஸ் எடுக்க ஆகும் செலவு கொஞ்சம்தான்.